மணிலா கவர்னரும் ரெண்டு பேப்பரும்

— தூக்கத்துலயா பிடிச்சானுவ?

— தூக்கத்துலதாங்ணா, அதான் மேட்டரே. ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தெட்டு. மணிலா. நம்ம ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு ஜோசலின் இருக்கால்ல, அவ நாடு. அப்ப அது ஸ்பெயின்காரன் கையில. கவர்னர்னா சும்மா இல்லீங்ணா. பட்டாளம் அவருது, கப்பல் அவருது, கோர்ட்டுக்கும் அவருதான் தலைவரு. அவ்ளோ பெரிய ஆளு கட்டில்ல படுத்துட்டு இருக்காரு. முழிச்சுப் பாக்கறாரு, கட்டிலச் சுத்திப் பாதிரியாருங்க நிக்கறாங்க. விலங்கு ரெடி.

— மெல்லப் பேசு டே. பயலுவ இப்பதான் கண்ணசந்திருக்கானுவ. வெயில் பிரேக் முடிஞ்சு மூணு மணிக்கு விசில் அடிச்சா மறுபடி அந்தக் கம்பியில கை வைக்கணும்லா.

— சாரிங்ணா. இந்த ஷெல்ட்டர் ஏசி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன்.

— சத்தம் மட்டுந்தான் வருது அந்த ஏசியில. சரி சொல்லு. ஒரு பாதிரியாரு எப்படி கவர்னரப் பிடிப்பாரு? அவருக்கு ஏது அதிகாரம்?

— அங்கதாங்ணா இருக்கு. அவரு பூசை பண்ற பாதிரியார் மட்டும் இல்ல. இன்க்விசிஷன்னு ஒண்ணு இருந்துச்சு. மதத்துக்கு விரோதமா எவன் என்ன பண்ணாலும் பிடிச்சு விசாரிக்கற டிபார்ட்மெண்ட்டு. மணிலாவுல அதுக்கு ஏஜெண்ட்டு இவரு. கவர்னருக்குக் கீழ வரவே மாட்டாரு. அவரு ரிப்போர்ட்டிங் நேரா மெக்ஸிகோவுக்கு. மெக்ஸிகோ எங்க கெடக்கு, மணிலா எங்க கெடக்கு? நடுவுல அம்மாம்பெரிய கடலு. வருஷத்துக்கு ஒரு கப்பலு. இங்கிருந்து ஒரு கேள்வி கேட்டா பதில் வர ரெண்டு வருஷம் ஆயிரும். அதுக்குள்ள எவன் கையில பேப்பர் இருக்கோ அவன்தான் ராஜா.

— நம்ம சேப்டி மாதிரி.

— கரெக்ட்டுங்ணா. நான் சொல்ல வந்தத நீங்க சொல்லிட்டீங்க. சைட் மேனேஜர் ஜெயமணி சாருக்கு மேல அபுதாபி ஆபீஸ். ஆனா சேப்டி மேனேஜர் செய்கு அலாவுதீன் சாருக்கு அபுதாபி கெடையாது, நேரா ஹெட் ஆபீஸ். சேப்டி முடக்கினது தெரியாம நேத்துக் காலையில கேட்ல ஜெயமணி சார் கார்டத் தேய்க்கறாரு, சிவப்பு லைட்டு. மறுபடி தேய்க்கறாரு, மறுபடி சிவப்பு. ஜோசலின் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்துட்டுச் சொன்னா, ‘எங்க ஊர்ல கவர்னரையே சாமியார் விலங்கு போட்டுத் தூக்கிட்டுப் போனாரு, உங்க மேனேஜர் எம்மாத்திரம்’னு. அப்பப் பிடிச்ச பைத்தியங்ணா, இன்னும் படிச்சுட்டே இருக்கேன்.

— நானும் பாத்தேன். அஞ்சு வருசமா அந்தக் கேட்டுல அவரு வண்டி வந்தா செக்யூரிட்டி எந்திச்சு நிப்பான். நேத்து அதே நேபாளி, ‘சார், எண்ட்ரி மாஃபி, உள்ள விட முடியாது’ன்னு சொல்லுதான். ஜெயமணி தொப்பியக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காரு. எங்களுக்கெல்லாம் எங்க பாக்கன்னு தெரியல.

— பாவமா இருந்துச்சுங்களா?

— பாவமா? ஓணத்துக்கு லீவு கேட்ட மலையாளத்துப் பயல அந்தத் தொப்பியாலதான் அடிச்சாரு. பாவம்லாம் இல்ல. ஆனா பாத்ததும் ஒரு நெனப்பு வந்துது, அவருக்கே இப்படின்னா நமக்கு என்னன்னு.

— அதாங்ணா. இருங்க, கதைய முடிச்சுக்கறேன்.

— கதை கெடக்கட்டும். அந்தப் பேக்குல என்ன கொண்டாந்திருக்க? ஆபீஸ்காரன் இந்த உச்சி வெயில்ல நடந்து சாரம் கட்டுத ஸ்கஃபோல்டிங் ஆளுவ ஷெல்ட்டருக்கு வரணும்னா அது கதை சொல்ல இல்ல.

— ரெண்டு பேப்பருங்ணா. அருள்ராஜ் மேட்டரு.

— ரெண்டா?

— செய்கு அலாவுதீன் சார் ஒண்ணு குடுத்தாரு. ஜெயமணி சார் கேட்டுக்கு வெளிய இருந்தே ஒண்ண மெயில்ல அனுப்பி, பிரிண்ட் எடுத்து உங்ககிட்டக் காட்டச் சொன்னாரு. நான் டாக்குமெண்ட் கன்ட்ரோலருங்ணா. எவன் பேப்பர் குடுத்தாலும் நம்பர் போட்டு உரிய ஆளுகிட்ட சேக்கறதுதான் என் வேலை. நீங்க ஃபோர்மேன். அருள்ராஜ் உங்க ஆளு. உங்க கையெழுத்து எதுல விழுதோ அதுதான் நிக்கும்.

— ரெண்டு பேருக்கும் ரெண்டு பக்கமும் வேல பாக்க. நல்ல பொழப்பு டே ஒனக்கு.

— நான் என்னங்ணா பண்ண? சின்ன ஆளு.

— வாசி. இங்கிலீசு வேண்டாம். என்ன எழுதியிருக்குன்னு நம்ம பாசையில சொல்லு.

— இது சேப்டியோடது. ‘முந்தாநாள் பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு, வெயில்ல வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கற மதிய பிரேக் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம், சைட் மேனேஜர் ஜெயமணியோட சைட் ஃபோன்ல இருந்து எனக்கு மெசேஜ் வந்தது. சாரத்தோட மேல் தட்டு ஒண்ணை மாத்திரம் கழட்டிட்டு பிரேக் விடு என்று இருந்தது. அதன்படி அருள்ராஜை ஏற்றினேன். பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு அவன் மேல மயங்கி பெல்ட்டில் தொங்கினான். அந்த மெசேஜ் பிறகு அழிக்கப்பட்டது.’ அவ்ளோதாங்ணா. கீழ உங்க பேரு, கையெழுத்து, தேதி.

— மெசேஜ் வந்ததும் நான் திருப்பி அடிச்சுக் கேட்டேன்னு இருக்கா? ‘பிரேக் நேரத்துல ஏத்தவா’ன்னு கேட்டேன். ஏத்துன்னு பதில் வந்துச்சு. அது இருக்கா அதுல?

— அதெல்லாம் எதுக்குங்ணா. நீளமாயிரும். மெசேஜே போதும்.

— சரி. அடுத்தது.

— இது ஜெயமணி சாரோடது. சின்னது. ‘அருள்ராஜ் மேல மறந்து வைத்த ஸ்பேனரை எடுக்க, யாரிடமும் சொல்லாமல், பிரேக் நேரத்தில் தானாக ஏறினான்.’

— அருள்ராஜ் ஸ்பேனர மறக்க மாட்டான். கயிறு போட்டு இடுப்புல கட்டியிருப்பான்.

— எனக்குத் தெரியுதுங்ணா. அதனாலதான் சொல்றேன், இதத் தொடாதீங்க. மொதப் பேப்பர்ல போட்டுருங்க. ஜெயமணி சார் கதை எப்படியும் முடிஞ்சுது. முடிஞ்சவர் மேல இன்னும் ரெண்டு கல்லு விழுந்தா அவருக்கு ஒண்ணும் கூடப் போறதில்ல.

— போடலேன்னா?

— மூணு மணிக்கு உங்க கார்டும் சிவப்புத்தான். செய்கு அலாவுதீன் சார் வாயாலயே சொன்னாரு.

— ஜெயமணிக்குப் போடலேன்னா?

— அவருக்கு அபுதாபில இன்னும் ஆளு இருக்கு. உங்க விசா ரினியூவல் ஃபைல் அங்கதான் படுத்திருக்கு. ஆனா அது அப்புறம். இப்ப பக்கத்துல இருக்கற கத்தி எதுன்னு பாருங்ணா.

— மக பிரபாவதி நர்சிங் கடைசி வருசம். ஒரு வருசம் தள்ளுனாப் போதும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இருபத்தோரு வருசம் எவன் வந்தான் எவன் போனான்னு பாக்காம கம்பி கட்டுனேன் டே. இப்ப ரெண்டு பேரு சண்டையில என் கையெழுத்துக்கு இவ்வளவு விலையா?

— அந்த மணிலாலயும் அதாங்ணா நடந்துச்சு. பாதிரியாரு சும்மா போயிக் கவர்னரப் பிடிக்கல. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா உக்காந்து சாட்சி எழுதி வாங்கினாரு. கவர்னர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன், வியாபாரத்துல அடிபட்டவன், பதவி கெடைக்காதவன், ஒவ்வொருத்தனா. எதிரி நாட்டுக்காரன்கூட வியாபாரம் பேசறாரு, பக்தி இல்ல, இப்படி. ஒவ்வொண்ணும் சத்தியம் பண்ணிக் கையெழுத்து. கட்டு பெருசானப்புறம்தான் விலங்கு.

— கையெழுத்துப் போட்டவனுவ பெறவு என்ன ஆனானுவ?

— யாருங்ணா?

— சாட்சிக்காரனுவ.

— அது... அது எங்கயும் பாக்கல. கவர்னர் என்ன ஆனாருன்னு இருக்கு. பாதிரியார் என்ன ஆனாருன்னு இருக்கு. கவர்னர அடுத்த வருஷம் மெக்ஸிகோவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க, விசாரணைக்கு. போய்ச் சேரல. நடுக்கடல்லயே செத்துட்டாரு. செத்தப்புறம் மெக்ஸிகோ சொல்லுது, இந்தக் கைதே தப்பு, அந்த ஆளு மேல ஒண்ணும் இல்லன்னு.

— செத்தவனுக்கு யோக்கியன்னு சர்ட்டிபிகேட்டு.

— ட்விஸ்ட்டு கேளுங்ணா. அடுத்து அந்தப் பாதிரியாரையே விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வருது. அவரும் கப்பல் ஏர்றாரு. அவரும் கடல்லயே செத்துர்றாரு.

— இதுல சிரிக்க என்ன இருக்கு?

— சிரிக்கலீங்ணா. ஆச்சரியமா இருக்கு. அவ்ளோதான்.

— அந்த லபான் மோர எடு. நெஞ்சு காயுது.

— இந்தாங்க. அருள்ராஜ் எப்படி இருக்கானாம்?

— ஐசியுலதான். நேத்து சாயங்காலம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஒடம்பு சூடு எறங்க மாட்டேங்குன்னாவ. சங்கீதா காலையில இருந்து மூணு தடவ அடிச்சுட்டா.

— சங்கீதா?

— அவன் பெஞ்சாதி. நான் எடுக்கல. எடுத்து என்ன சொல்ல? அவன ஏறுன்னு சொன்னப்ப ஒரு பேச்சு பேசல டே அவன். ‘மேல கொஞ்சம் காத்து வரும்ணே’ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறினான். இருபது நிமிசம் கழிச்சு நிமிந்து பாக்கேன், துணி காயப் போட்ட மாதிரி தொங்குதான். நாந்தான் ஏறி எறக்குனேன். தொட்டா இட்லிச் சட்டிய தொட்ட மாதிரி இருந்துச்சு.

— அண்ணா, போதுங்ணா.

— நீதான கேட்ட?

— கேட்டேன். சரி, மணி ரெண்டே காலு ஆச்சு. இந்தாங்க பேனா.

— பொறு. கவர்னரக் கட்டிப் போட்டாச்சு. அப்ப ஊர யாரு ஆண்டா?

— ஆ, அதாங்ணா இருக்கறதுலயே செம மேட்டரு. நாற்காலி காலி. பெரிய ஜட்ஜுங்க ரெண்டு பேரு. ஒருத்தரு சொல்றாரு, எனக்குத்தான் மொதல்ல ஆர்டர் வந்துச்சு, நாந்தான் சீனியரு. இன்னொருத்தரு சொல்றாரு, நாந்தான் மொதல்ல வந்து வேலைல சேந்தேன், நாந்தான் சீனியரு. ரெண்டு பேரும் விடறதா இல்ல. பட்டாளம் யார் சொல்றதக் கேக்கறதுன்னு தெரியாம நிக்குது. அப்பப் பாத்து மூணாவதா ஒரு ஜட்ஜு. ஜூனியரு. ரெண்டு பேருக்கும் நடுவுல பஞ்சாயத்து பேசறேன்னு வர்றாரு. பேசிப் பேசி என்ன பண்ணாருன்னு நெனைக்கிறீங்க?

— நாற்காலில உக்காந்துட்டாரு.

— உக்காந்தே உட்டாரு. பெரிய ஜட்ஜு ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி அடிச்சாச்சு. எவனும் எதிர்பாக்கல. ஒரு வருஷம் கிட்ட அவருதாங்ணா கவர்னரு. நெனச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் ஃபைல் தூக்கினவன், இன்னிக்கு அவன் சொன்னா கப்பல் போகும், அவன் சொன்னா கப்பல் நிக்கும். ரெண்டு பெரிய ஆளு அடிச்சுக்கறப்ப நடுவுல இருக்கற சின்ன ஆளு கையில ஒரு நிமிஷம் எல்லாம் வந்துரும். அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க...

— ஒனக்கு அந்த ஆள ரொம்பப் பிடிச்சிருக்கு.

— பிடிக்கறதுன்னு இல்லீங்ணா. புரியுது.

— பெறவு அவனுக்கு என்ன ஆச்சு?

— புதுக் கவர்னர் ஸ்பெயின்ல இருந்து வந்து எறங்கினாரு. இவரு ஓடிப்போயி ஒரு மடத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாரு. மடத்துக்குள்ள போயிப் பிடிக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம். வெளிய வரவே இல்ல. அங்கயே செத்தாரு.

— ஆக ஒருத்தனும் வெளங்கல.

— வெளங்கலதாங்ணா. யாரோ வர்றாங்க பாருங்க. அண்ணன ‘நானா’ன்னு கூப்பிடுவானே, ராஜிக்குங்களா அது?

— அம்மையப்பன் நானா, உள்ளுக்கா ஈக்கிறீங்க?

— வா ராஜிக். கதவ சாத்து, அனல் வருது.

— ஒக்கார நேரமில்ல நானா. சேப்டி ஆபீஸ்ல இருந்து செய்கு அலாவுதீன் சேர்தான் அனுப்பின. தாள் கேட்டு வரச் சொன்ன. வருண், நீ வந்து எவ்வளவு நேரம் மச்சான், இன்னும் சைன் எடுக்கல்லயா?

— பேசிட்டு இருக்கேன் ராஜிக். அஞ்சு நிமிஷம்.

— அஞ்சு நிமிஷம் இல்ல. சுருக்கா எடு. மூணு மணிக்கு பொலிஸ் வாற.

— போலீஸ் எதுக்கு? நேத்தே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே.

— நேத்து வந்த காயத்துக்கு. நானா, நான் எப்படிச் சொல்ற எண்டு தெரியா. ஹொஸ்பிட்டல்ல இருந்து கோல் வந்த. ஒண்டரை மணிக்கு ஆள் முடிஞ்சிட்டார்.

— யாரு?

— அருள்ராஜ்தான் நானா. கிட்னி வேலை செய்யல்லயாம். வேற ஒண்டும் சொல்லல்ல. நானா, தண்ணி குடிங்க. வருண், அந்தப் போத்தலக் குடு. என்ன நீயும் இப்படி நிக்கிறாய்? குடு.

— விடு ராஜிக். நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போ. பேப்பர் வரும்னு சொல்லு.

— சரி நானா. பொலிஸ் எல்லார்ட ஃபோனையும் எடுக்குமாம். ஒங்கட கம்பெனி ஃபோன், ஜெயமணி சேர்ட சைட் ஃபோன், ரெண்டையும் ரெடியா வைக்கச் சொன்ன. அழிச்ச மெசேஜெல்லாம் அவங்க திருப்பி எடுப்பாங்க எண்டு சேர் சந்தோஷமா ஈக்கிறார். ஆள் மௌத்தாகி ஒரு மணித்தியாலம் ஆகல்ல, அந்த மனுஷன் சிரிக்கிறார் நானா. நான் பாத்துட்டுத்தான் வாறேன். வாறேன், கதவ சாத்துறேன்.

— அண்ணா, இப்படி உக்காருங்ணா.

— இருபத்தொம்பது வயசு. மூணு வருசமா எனக்குக் கீழ்ப் படுக்கையில படுத்திருந்தான். இன்னும் அவன் சட்ட கொடியில கெடக்கு.

— பேனாவ மூடி வெச்சுட்டேங்ணா.

— வை. சங்கீதாகிட்ட கம்பெனிக்காரன் சொல்லிருப்பானா? மூணு தடவ அடிச்சாளே. அதுக்குத்தான் அடிச்சாளோ என்னமோ. எடுத்திருக்கணும்.

— அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. அந்த மொதப் பேப்பர் வேண்டாம்.

— எது?

— சேப்டி பேப்பர். அத விட்டுருங்க. ஜெயமணி சார் பேப்பர்ல போடுங்க. தானா ஏறினான்னு.

— இவ்வளவு நேரமும் அதத் தொடாதேன்னு சொன்ன.

— அப்ப அவன் உசுரோட இருந்தாங்ணா. கம்பெனிக்குள்ள பஞ்சாயத்து. இப்ப போலீஸு. மெசேஜ்னு எழுதினா மெசேஜத் தோண்டுவாங்க. யாரு அனுப்பிச்சா, எங்கிருந்து, எத்தன மணிக்கு, யாரு அழிச்சா. எல்லாரையும் கூப்பிடுவாங்க. உங்களையும்தான். தானா ஏறினான்னா அதோட கலாஸ், முடிஞ்சுது. ஒருத்தரும் உள்ள போக வேண்டாம்.

— செத்தவன் மேல போட்டுருன்னு சொல்லுத.

— அவனுக்கு இனி என்னங்ணா? நான் கெட்ட எண்ணத்துல சொல்லல.

— அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் பெஞ்சாதிக்கு? தானா ஏறிச் செத்தான்னா சல்லிக்காசு வராது. வரலேன்னாக் கூடப் போவுது. சொல்லுக் கேக்காத பய, திமிரெடுத்து ஏறினான்னு அந்தப் புள்ள காலத்துக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?

— ஜெயமணி சாரும் விட மாட்டாருங்ணா, நம்ம எல்லாருக்கும்...

— ஜெயமணி ஏன் இந்தப் பேப்பர அனுப்புனாருன்னு நெனச்சுப் பாத்தியா?

— தன்னைக் காப்பாத்திக்க.

— தன்னக் காப்பாத்திக்கணும்னா, அந்த மெசேஜ நான் அனுப்பலன்னு ஒரு வரி எழுதுனாப் போதுமே. ஏன் எழுதல?

— அவரு அனுப்பிச்சாரு, அதான் எழுதல.

— நீ பாத்தியா?

— பாத்தேங்ணா. ஆபீஸ்லதான் இருந்தாரு. என் டேபிளுக்கு எதுத்தாப்புலயே.

— பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு?

— ஆமாங்ணா. கிளையன்ட் எஞ்சினியர் வந்து டேபிளத் தட்டித் தட்டிக் கேக்கறான், மேல் தட்டு இன்னிக்கே கழட்டணும், யாருய்யா இங்க இன்சார்ஜுன்னு. யாராவது ஒருத்தர் ஆர்டர் போட்டே ஆகணும். சார் ஃபோன எடுத்து டைப் பண்ணாரு.

— அவரா? அவருக்கு ரெண்டு வெரலால ‘ஓகே’ன்னு அடிக்கவே அரை மணிக்கூறு ஆவும்.

— அன்னிக்கு அவரேதான் அடிச்சாருங்ணா. சத்தியமா.

— சத்தியம் பண்ணாத. அந்தப் பேக்குல வெள்ளப் பேப்பர் இருக்கா? எழுதாதது.

— இருக்கு. எதுக்குங்ணா?

— குடு. அந்த ரெண்டும் நீயே வச்சுக்கோ. நடந்தத நான் எழுதுதேன். எனக்கு இங்கிலீசு வராது, தமிழ்லதான் எழுதுவேன். வேணுங்கிறவன் மொழிபெயர்த்துக்கிடட்டும்.

— என்ன எழுதுவீங்க?

— அம்மையப்பன் ஆகிய நான், பிரேக் நேரம்னு தெரிஞ்சே, அருள்ராஜ ஏறச் சொன்னேன்.

— உங்கள உள்ள வெச்சுருவாங்கங்ணா.

— வைக்கட்டும். ஏறச் சொன்ன வாய் இதுதான. பேனாவக் குடு.

— பிரபாவதிய நெனச்சுப் பாருங்ணா. கடைசி வருஷம்னீங்க.

— அவளத்தான் நெனைக்கேன். நாளைக்கு அவ ஒரு ஐசியுல நிப்பா. இந்த மாதிரி ஒருத்தன் வெந்து போயிப் படுத்திருப்பான். எங்கப்பன் என்ன செஞ்சான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும். குடு டே.

— சரி, எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்ப ஒண்ணு பண்ணுங்ணா, தனியா மாட்டிக்காதீங்க. ஜெயமணி சார் சொல்லித்தான் ஏத்தினேன்னு அடுத்த வரி சேத்துருங்க. அவரு ஆபீஸ்ல இருந்தாரு, நான் பக்கத்துலயே இருந்தேன்னு சாட்சிக் கையெழுத்து நானே போடறேன்.

— நீ போடுவ?

— போடறேங்ணா. உங்களுக்காக.

— இன்னிக்குக் காலையில மெஸ்ல டிரைவர் மூசா என் பக்கத்துல வந்து உக்காந்தான். சாப்பிடல. தட்டப் பாத்துக்கிட்டே இருந்தான். முந்தாநாள் பதினொண்ணரைக்கு அவன் வண்டியில பின்சீட்டுல படுத்துக்கிட்டு, கார்டு தேய்க்காம, ஜெயமணி அபுதாபிக்குப் போயிருக்காரு. செய்கு அலாவுதீன எப்படிக் கவுக்கலாம்னு பெரிய ஆபீஸ்ல பேச. அன்னைக்கு வேல பெர்மிட்ல பொறுப்பாளா அவரு பேரு இருக்கும்போது சைட்ட விட்டுப் போனேன்னு அவரால எவன்கிட்டயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் அவருக்கு அந்தப் பேப்பர்.

— மூசா பொய் சொல்றாங்ணா.

— நான் திருப்பி ஃபோன் அடிச்சப்ப ஜெயமணி அபுதாபி ரோட்டுல மிர்ஃபா தாண்டிப் போயிக்கிட்டு இருந்தாரு, சைட் ஃபோன் ஒன் டேபிள்ல கெடந்துச்சு. எடுத்து, ‘சார் பக்கத்துலதான் இருக்காரு, ஏத்துங்ணா’ன்னு சொன்னது ஒன் கொரலு. ரெண்டாவது வரிக்கு வந்துட்டேன், ஒன் பேருக்கு இனிஷியல் என்ன டே?